தலைப்பு பிள்ளைகள் வாயிலிருந்து வர வேண்டும்

என் மனைவி கோமு பி.எட். படித்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அந்த ஒரு வருஷம் எங்கள் வீடே பி.எட். படித்தது. தெர்மாகோல் அறுத்தவன் நான். சார்ட்டில் இந்தியாவை வரைந்து, பக்கத்தில் இலங்கையைப் போட மறந்து, மறுபடி முதலிலிருந்து வரைந்தவனும் நான்தான். பசை காய்ச்சியது என் அம்மா. காய்ச்சிய பசையில் பாதியை எலி தின்றது. கல்வி உளவியலில் அந்த எலிக்கும் கொஞ்சம் தேர்ச்சி இருந்திருக்கும்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெயர் பூதத்தான். முக்கூடலிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரை போய்த் திரும்புகிற வண்டி. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை முதல் நடையில் முழு நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்தப் படிப்பின் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கோமு என் மாமன் மகள். ரெஜிஸ்தரில் கோமதி. மாமா வாய்க்கால் லஸ்கர். மடை திறக்கவும் அடைக்கவும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடக்கிற வேலை. அத்தை பீடி சுற்றினாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்தே கோமு வரலாற்றில் எம்.ஏ. வரைக்கும் வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை வேலைக்கு வைத்தார்கள். அரசு சம்பளம் கிடையாது, நிர்வாகம் பார்த்துக் கொடுப்பது. பாண்டியனும் சோழனும் போட்ட சண்டையை அடுத்த தெருவில் நடந்த சண்டை மாதிரி சொல்லுவாள். யார் யாருக்குக் கொழுந்தன், யார் முதலில் வம்பை இழுத்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொல்லி, அம்மாக்கள் அடுத்த நாள் குழாயடியில் மீதிக் கதையைக் கேட்பார்கள். எல்லாம் இருந்தது, பி.எட். மட்டும் இல்லை.

பள்ளிக்கூடத்துச் செயலாளர் சிவசண்முகம் அண்ணாச்சி தொண்ணூற்று நாலில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். வரலாற்று ஆசிரியர் தேவசிகாமணி வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். அது அரசு சம்பளம் உள்ள இடம். பி.எட். பாஸோடு வந்தால் இடம் அவளுக்கு. ஜூனைத் தாண்டினால் தன்னால் பிடித்து வைக்க முடியாது, கல்வி அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள். அண்ணாச்சி சொன்னதில் தப்பே கிடையாது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சமூக அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று கற்பித்தவர் சங்கரசுப்பிரமணியன் என்ற பேராசிரியர். மடிப்புக் கலையாத சட்டை, சிவப்பு மை பேனா. அவருக்கு ஒரு வேதம் உண்டு. ஆசிரியர் வகுப்புக்குள் போனதும் இன்றைக்கு என்ன பாடம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது பாவம். நான்கைந்து கேள்விகள் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும் பிள்ளைகள் கடைசியில் தாங்களாகவே பாடத்தின் தலைப்பைச் சொல்ல வேண்டும். "ஆம், அதைப் பற்றித்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்" என்று ஆசிரியர் ஆச்சரியப்பட்டுத் தலையாட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஊக்குவித்தல்.

இதைக் கோமு வந்து சொன்னபோது எனக்குப் புரியவே இல்லை. பஸ்ஸுக்கு போர்டு மாட்டாமல் வாசலில் நின்றுகொண்டு, 'ஐயா நீங்கள் எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், அந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும், ஆகவே இந்த பஸ் எந்த ஊருக்குப் போகும்?' என்று நான் ஒவ்வொருத்தனிடமும் கேட்டால், செருப்பைக் கழற்றமாட்டானா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைப் படிப்பாக வைத்துப் பட்டமும் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கோமு மாய்ந்து மாய்ந்து கேள்வி தயாரித்தாள். பயிற்சிக்காக அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் பாடம் பாளையக்காரர்கள். கோட்டையை யார் கட்டுவார்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் கொத்தனார் என்றார்கள். பாளையங்கோட்டை என்ற பெயரை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றாள். பஸ் போர்டில் என்றார்கள். கடைசிவரை பாளையக்காரன் வரவில்லை. அடுத்த பாடம் தென்னிந்திய நதிகள். உங்கள் ஊரில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன என்று கேட்டாள். 'ஆறு' என்று பதில் வந்தது. ஆறுதான், அதன் பெயர் என்ன என்றாள். வகுப்பே யோசித்து, 'ஆறுதான் டீச்சர்' என்றது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவன், ஆற்றுக்குத் துவைக்கப் போகிறவள், ஆற்றில் போய்ச் சாம்பல் கரைக்கிறவன் யாரும் தாமிரபரணி என்று வாயால் சொல்வது கிடையாது. அது ரேடியோவில் வருகிற பெயர். பெற்ற தாயைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்?

சங்கரசுப்பிரமணியன் பின்பெஞ்சில் உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதினார்: 'தலைப்பு மாணவரிடமிருந்து வருவிக்கப்படவில்லை.' அதற்குக் கீழே இன்னொன்று: 'கொச்சை நடை.'

இந்தக் கொச்சை தனிக் கதை. 'ராஜா படையோட வருதான்' என்று கோமு சொல்லிவிட்டாளாம். வருகிறான் என்று சொல்ல வேண்டுமாம். சரி என்று அவளும் வீட்டிலேயே பழக ஆரம்பித்தாள். ஒருநாள் நான் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்ததும், "அத்தான், சாப்பிடுகிறீர்களா?" என்றாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, அவளுக்கும் எனக்கும் ஏதாவது சண்டையா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசினால் கோர்ட்டில் பேசுகிறார்கள் அல்லது கோபத்தில் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

கோமுவோடு படித்தவள் ரீபா, ஏரல்காரி. நல்ல பிள்ளை. கோமு ஒவ்வொரு வாரமும் சிவப்பு மை வாங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் உண்மையைப் போட்டு உடைத்தாள். பாளையங்கோட்டைப் பிள்ளைகள் நம்மை மாதிரி இல்லை. வருஷா வருஷம் பயிற்சிக்கு வருகிற டீச்சர்மாரைப் பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பாடத்துக்கு முந்தி ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிக் கேள்விக்கு இதைச் சொல்லு என்று சொல்லிவைத்துவிட வேண்டும். சொன்னால் ஒரு பேனா. ஒன்பதாம் வகுப்பில் ஹெப்சிபா என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் சொன்னால் போதும். யார் எந்த இடத்தில் எப்படித் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் அவளே பார்த்துக்கொள்வாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், சாருக்கும் தெரியாமல் இருக்காது. ரீபா அப்படித்தான் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோமு மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு குத்துகிறது குடைகிறது என்றால் யார் கேட்பது? ஊரோடு ஒத்துப் போனால் என்ன, ஒரு பேனாவில் உலகம் முங்கிவிடுமா என்று சத்தம் போட்டேன்.

"பேனா கிடக்கு அத்தான்," என்றாள். "ஒரு பிள்ளையக் கூப்பிட்டு, தெரியாத மாதிரி நடின்னு சொல்லிக்குடுத்துட்டு, பெறகு அதே பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?"

நான் தெர்மாகோலை எடுத்துக்கொண்டு அறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோமு என்றால் உயிர். தலைப்பு வராமல் சொதப்பி, சிவப்பு மை வாங்கி, பேராசிரியர் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போன பிறகு, மீதி நேரத்தில் அவள் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பிப்பாள். அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. மணி அடித்தாலும் விடமாட்டார்களாம். பேனா காண்டிராக்ட் எடுத்த அந்த ஹெப்சிபாவே முதல் பெஞ்சில் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாளாம். இந்த டீச்சர் ஏன் எப்போதும் திட்டு வாங்குகிறார் என்று பிள்ளைகளுக்குப் பெரிய வருத்தம்.

மார்ச்சில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து பின்பெஞ்சில் உட்காருவார். அவர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கினாலும் பி.எட். கிடையாது. பி.எட். இல்லையென்றால் தேவசிகாமணி சாரின் இடமும் கிடையாது. தலைப்பை முந்தின நாள் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். கோமுவுக்கு வந்த தலைப்பு 'பல்நோக்கு ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்கள்'.

நான் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பள்ளத்தாக்கில் நாக்கு விழுந்துவிட்டது. மந்திரியே தாளைப் பார்த்துத்தான் படிப்பார். நாலு கேள்வியில் இதை எந்த ஊர்ப் பிள்ளை தானாகச் சொல்லும்? கல்லில் நார் உரிக்கலாம், இது நடக்காது. இந்த ஒரு நாளைக்காவது அந்த ஹெப்சிபாவைப் பார் என்று கெஞ்சினேன். வருஷம் முழுக்கச் செய்யாமல் இருந்துவிட்டு கடைசி நாளில் போய் அதைச் செய்யவா என்று கேட்டுவிட்டு அவள் கேள்வி எழுத உட்கார்ந்தாள். நான் அணை கட்ட உட்கார்ந்தேன். வெள்ளைத் தெர்மாகோலில் அணை, சோப்பு டப்பா அட்டையில் ஷட்டர், நீலத் தாளில் தண்ணீர். அரசாங்கம் இத்தனை சீக்கிரத்தில் ஒரு அணையும் கட்டியதில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அணையின் மேல் துண்டைப் போர்த்தி, எங்கள் டிப்போ பஸ்ஸிலேயே ஜன்னலோரச் சீட்டில் வைத்துக் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, அணைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று ஒருத்தர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான் அணையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது இடைவேளை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணையை வகுப்பு மேசையில் வைத்துவிட்டு வராந்தா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

தேர்வாளர் வந்தார். கறுப்புச் சட்டம் வைத்த கண்ணாடி போட்ட, அவசரத்தில் இருக்கிற மனிதர். பக்கத்தில் சங்கரசுப்பிரமணியன். கோமு வணக்கம் சொன்னாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். எழுதிப் பழகிய முதல் கேள்வியை அட்சரம் பிசகாமல் கேட்டாள்.

"மாணவிகளே, இன்று காலையில் உங்கள் வீட்டில் மின்விளக்கு எரிந்ததா?"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: "பல்நோக்கு ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்கள், டீச்சர்!"

ஒருத்திக்கும் நாக்குத் தடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நான் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். மடையன். தலைப்பு பிள்ளைகள் வாயிலிருந்து வந்துவிட்டதே, முதல் கேள்வியிலேயே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தேர்வாளரின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்று, யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டார். ஹெப்சிபா எழுந்தாள். அன்றைக்குத்தான் அவளை முதல் தடவையாகப் பார்க்கிறேன். இரட்டைச் சடை, கலங்காத கண்.

"யாரும் சொல்லிக்குடுக்கல சார். எங்களுக்கே தெரியும்."

ஆமாம் சார், ஆமாம் சார் என்று நாலைந்து குரல்கள். தேர்வாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. "இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்போல," என்றார் கோமுவிடம்.

கோமு பிள்ளைகளைப் பார்த்தாள். அத்தனை முகத்திலும் ஒரு சிரிப்பு, ஒரு பெருமை. டீச்சர், எப்படி, உங்களைக் கரையேற்றிவிட்டோமா என்பது மாதிரி. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விசாரணை பிள்ளைகள் பக்கம் திரும்பும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"வகுப்புல நடக்குததுக்கு நான்தான் சார் பொறுப்பு," என்றாள். நடக்குததுக்கு. அதற்கும் சேர்த்து அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சுட்டுக்கோலை மேசையில் வைத்தாள். எழுதி வைத்திருந்த மீதிக் கேள்விகளையும் வைத்தாள்.

"சரி, தலைப்பச் சொல்லிட்டிய. பல்நோக்குன்னா என்னது பிள்ளைகளா?"

வகுப்பு கப்சிப். அந்த வருஷத்திலேயே மூன்று பேர் அதே பாடத்தை அதே மாதிரி தெர்மாகோல் அணையோடு வந்து நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் தலைப்பு பிள்ளைகள் வாயிலிருந்து வந்திருந்தது. அர்த்தம் மட்டும் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

கோமு விடுதிப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, நீ உடன்குடிக்காரிதானே, உங்கள் ஊரில் பனை என்ன தரும் என்று கேட்டாள். பதனீர் என்றாள் அவள். அப்புறம் கருப்பட்டி என்றாள். பிறகு மற்றவர்களும் கூட்டிக்கொண்டார்கள். நுங்கு, கிழங்கு, ஓலை, கட்டிலுக்கு நார், விறகு. "ஒத்தை மரம். எத்தனை சோலிக்கு ஆவுது பாத்தியளா? அதுதான் பல்நோக்கு," என்றாள். அங்கிருந்து மேலே பாபநாசத்துக்குப் போனாள். மலையில் அணை, அங்கே விழுகிற தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்கள், கரண்டு எடுத்தபிறகு தண்ணீர் வீணாவதில்லை, அதேதான் ஆற்றில் வந்து நம் வாய்க்காலில் பாய்கிறது, வயலுக்குப் போகிறது, குடத்துக்கும் வருகிறது. தன் அப்பா மடை திறக்கப் போகும்போது கூடவே ஓடிய கதையைச் சொன்னாள். கரண்டை எடுத்துவிட்டால் தண்ணீரில் சத்து போய்விடாதா என்று ஒருத்தி கேட்டாள். கடைசி ஊருக்குத் தண்ணீர் போகாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இன்னொருத்தி கேட்டாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். இத்தனை நாளும் அவள் கேட்டுக் கேட்டு வராதது, அன்றைக்கு அவர்கள் கேட்டு வந்தது.

அந்த நேரத்தில் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். சங்கரசுப்பிரமணியன் மட்டும் மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெளியே வந்ததும் கோமுவின் பக்கத்தில் நின்று, இத்தனை நாள் அவரே கொச்சை என்று சிவப்பு மையில் எழுதிய தமிழில் பேசினார்.

"நல்லாத்தாம்மா நடத்துத. ஆனா அதுக்கு மார்க்கு கெடையாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கே மனசு இருந்தது, கையில் விபூதித் தட்டு இல்லை. அவரை நான் அடிக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

அணையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் படியிறங்கும்போது பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஹெப்சிபா முன்னால் நின்றாள்.

"பாஸ்தானே டீச்சர்? அணையப் பாத்த உடனே எல்லாரும் பேசி வச்சுட்டோம். நீங்க கேட்டு முடிக்கவே வேண்டாம்னு. பேனா ஒண்ணும் வேண்டாம் டீச்சர், நாங்களாத்தான் சொன்னோம்."

"பாஸ்தாம்ட்டி," என்றாள் கோமு. "வகுப்புக்குப் போங்க."

ஜூனில் ரிசல்ட் வந்தது. எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். செய்முறையில் தவறியிருந்தாள். சிவசண்முகம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து, காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மாத முடிவுவரை காத்திருந்தேன் தாயி என்றார். தேவசிகாமணி சாரின் இடத்துக்கு வெளியூர்ப் பையன் ஒருத்தன் வந்தான். கோமு அதே பள்ளிக்கூடத்தில், அதே நிர்வாகச் சம்பளத்தில், அவன் எடுக்கச் சலித்த பாடங்களையும் சேர்த்து எடுத்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நான் யாரோடும் நேராகப் பேசவில்லை. பயணிகள் இரண்டு பேர் என்மேல் புகார் எழுதிப்போட்டார்கள். அவர்கள் எழுதியதில் பொய் இல்லை.

அடுத்த மார்ச்சில் செய்முறைப் பாடத்தை மட்டும் மறுபடி நடத்திக் காட்டப் போனாள். இந்தத் தடவை வேறு பள்ளிக்கூடம், வேறு தேர்வாளர், வேறு தலைப்பு. குலுக்கலில் வந்தது 'குடிமக்களின் கடமைகள்'. முந்தின நாள் சாயங்காலம் ஜங்ஷன் கடையில் அவள் ஒரு பேனா வாங்கினாள். நீல நிறம், மூடியில் தங்கக் கம்பி. பார்த்தும் பார்க்காததுபோல நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். போன வருஷம் கெஞ்சியவன் நான்தானே, எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

அந்தத் தேர்வில் எடுத்த மார்க்கை வைத்துத்தான் பின்னால் தொண்ணூற்றெட்டில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரசு சம்பளத்தில் வேலை கிடைத்தது. நல்ல டீச்சர் என்று பெயரும் எடுத்தாள். வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பலகையில் தலைப்பைப் பெரிதாக எழுதிவிடுவாள் என்று அவளுடைய பிள்ளைகள் என் பஸ்ஸில் பேசிக்கொண்டு போவார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

ஆனால் அந்தத் தேர்வு முடிந்த சாயங்காலம் இருக்கிறதே, அதுதான் ஆறவில்லை. நான் டியூட்டியில் இருந்தேன். ஜங்ஷனில் ஏறி, பின்னால் கடைசிச் சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு அவளிடம் போனேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

ரொம்ப நன்றாக நடந்ததாம். நாலாவது கேள்வியில் ஒரு பிள்ளை எழுந்து, கொஞ்சம் யோசித்து, தயங்கித் தயங்கித் தலைப்பைச் சொன்னதாம். தேர்வாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம், மாணவரிடமிருந்தே எவ்வளவு இயல்பாக வருவிக்கிறீர்கள் என்று. இதையெல்லாம் அவள் நல்ல தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில்கூடக் கொச்சை இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"பெறகு ஏம்ட்டி இப்பிடி இருக்க?" என்றேன்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியிருந்தது. வண்டியில் பாதிப் பேர் வழக்கம்போல ஜன்னல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

"மணி அடிச்ச உடனே அந்தப் பிள்ளை வந்து கைய நீட்டுச்சு அத்தான். பேனாவக் குடுத்தேன். எழுதுதான்னு அங்கனயே கிறுக்கிப் பாத்து வாங்கிட்டுப் போச்சு."

பிறகு சொன்னாள்: "போன வருசம் ஒருத்தியும் பேனா கேக்கல."

அடுத்த நிறுத்தத்துக்கு யாரோ விசில் அடிக்கச் சொன்னார்கள். நான் அடித்தேன்.